எதிர்ப்பக்கம் திரும்பிய கிளைடர்

தக்ஷாயினி தன் ரிமோட்டை யாரையும் தொடவிடமாட்டாள். பிறந்தநாளுக்கு மாமா வாங்கித் தந்தது அது.

அவளும் கூடப் படிக்கும் நிலோஜனும் சேர்ந்து ஒரு கிளைடர் செய்தார்கள். மீன்பெட்டியின் வெள்ளை நுரை அட்டையான ரெஜிபோமில் இறக்கைகளை வெட்டி ஒட்டியவள் அவள். வாலிலுள்ள, திசை திருப்பும் சுக்கானைக் குட்டி மோட்டாரோடு மீன்பிடிக்கும் தங்கூசி நூலால் இணைத்துக் கட்டியவன் அவன். மீன்பிடிக்காரர் வீட்டுப் பிள்ளை, முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரன்.

“ரிமோட் குச்சியைத் தள்ளிப் பார்கா” என்றான்.

தள்ளினாள். சுக்கான் அசைந்தது. இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

“எனக்கும் ஒருக்காப் பறக்கவிடத் தருவியா?”

“ம்ஹும். நீ உடைச்சுப் போடுவாய்.”

நிலோஜனின் முகம் வாடிப்போனது. பாடுபட்டுக் கட்டித் தந்தவனுக்கு இப்படியா பதில்!

பின்னேரம் செட்டிபாளையம் வாவிக்கரைக்குப் போனார்கள். இடப்பக்கம் புல்வெளி, வலப்பக்கம் தண்ணீர். நிலோஜன் ஓடிப்போய்க் கிளைடரை வீசினான். காற்று அதை அழகாகத் தூக்கிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அது தண்ணீர்ப்பக்கம் சாயத் தொடங்கியது. தக்ஷாயினி குச்சியை இடப்பக்கம் தள்ளினாள். கிளைடர் வலப்பக்கம் திரும்பியது! இன்னும் தள்ளினாள். இன்னும் தண்ணீர்ப்பக்கமே போனது.

“ஐயோ, தண்ணிக்க விழப்போகுது! எப்படிடா கட்டின நீ?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

நிலோஜன் திருதிருவென விழித்தான். “சரியாத்தானே கட்டினன்! எஞ்சின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினா, தோணி வலப்பக்கம்தானே திரும்பும்?”

தக்ஷாயினிக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் கிளைடருக்கு நூல் கட்டவில்லை, தோணிக்குக் கட்டியிருக்கிறான்! விளங்கி என்ன பயன்? பதற்றத்தில் அவள் விரல்கள் பழைய பக்கமே போயின. நிலோஜனோ அப்பாவோடு தோணியில் போய், அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பழகியவன்.

ரிமோட்டைப் பார்த்தாள். கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் நீட்டினாள். “இந்தா, நீ பிடி.”

“நானா? உடைச்சுப் போடுவன் எண்டாய்?”

“கதைக்காதடா, பிடி!”

நிலோஜன் குச்சியை வலப்பக்கம் மெல்லத் தள்ளினான். கிளைடர் தண்ணீரை உரசாத குறையாக வளைந்து, கரைக்கு வந்து, புல்லில் வழுக்கி நின்றது. மேய்ந்துகொண்டிருந்த மாடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

“கோவிக்காதகா. நூலை மாத்திக் கட்டித் தாறன்” என்றான் நிலோஜன், தலையைக் குனிந்தபடி.

காப்பாற்றியவனே மன்னிப்புக் கேட்கிறான்! தக்ஷாயினிக்கு நெஞ்சு வலித்தது.

“மாத்தாத. நாளைக்கு உங்கட தோணியில என்னை ஏத்து. நானும் அந்தக் கைப்பிடியைப் பிடிச்சுப் பழகிறன். அதுவரைக்கும் ரிமோட் உன்னட்ட இருக்கட்டும்.”

நிலோஜன் ரிமோட்டை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எப்போதும் வீட்டுக்கு ஓடியே போகிறவன், அன்றைக்கு மெதுவாக, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து நடந்தான்.