ஐஸ் பெட்டிக்குள் ஒரு சூடு

ஐஸ் பெட்டியில் இருந்த முட்டைகளில் ஒன்று மட்டும் சுட்டது.

தௌலத் பேகம் வெடுக்கென்று கையை எடுத்தாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். மற்றதெல்லாம் கல்லாய்க் குளிர்ந்து கிடக்க, அது மட்டும் காய்ச்சல்காரி நெற்றியாய்க் கொதித்தது.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டு நடுவில், பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்றை அந்தக் கோடைக்கு அம்மை ஆராய்ச்சிக்கென்று வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நோயாளியின் கொப்புள நீரை, அடை வைத்த முட்டைக்குள் ஊசியால் ஏற்றுவார் டாக்டர் சண்முகராஜ். சில நாளில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாய் அம்மை முத்துப்போடும். பிறகு முட்டைகளை ஐஸில் வைத்துக் குஞ்சைச் சாகவிட்டு, ஓட்டை வெட்டிச் சவ்வை எடுப்பது தௌலத்தின் வேலை.

இவற்றில் ஏற்றியது அவள் தங்கச்சி ஷாஜாதியின் நீர். ஷாஜாதியை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

வெளியே உச்சி வெயில் வெடித்த கரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரை நெளிந்து முனகியது. மருந்து நெடிக்கும் பருத்திக்கொட்டை வாடைக்கும் அடியிலிருந்து, அம்மை நோயாளிகளைப் போட்டிருக்கும் கொட்டகையில் மட்டுமே அடிக்கிற அந்த அழுகல் வாடை மெல்ல மெல்ல ஏறி வந்தது.

"சார், இது ஒண்ணு சுடுது."

டாக்டர் திரும்பவில்லை. "உன் கைதான் சூடா இருக்கும். வெட்டும்மா."

"உசுரு இருக்காப்ல இருக்கு சார். இத விட்ருவோம்."

"ராத்திரி பூரா ஐஸ்ல இருந்தது. வெட்டு."

விளக்கின் முன் தூக்கிப் பிடித்தாள். குஞ்சு கருப்பாய்ச் சுருண்டு அசையாமல் கிடந்தது. சுற்றியிருந்த ரத்த நரம்புகள் மட்டும் துடித்தன. நிதானமாக.

சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய் மையவாடியில் தங்கச்சி தலைமாட்டில் புதைத்துவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் டாக்டர் கையை நீட்டிவிட்டார். அவரிடம் கொடுக்க மனசு வரவில்லை. தானே வெட்டினாள்.

சவ்வைத் தட்டில் விரித்தாள். முத்துகள். நெருக்கமாக. குஞ்சைத் தனியே வைத்தாள். செத்த குஞ்சுதான். சில்லிட்டிருந்தது.

சவ்வு உயர்ந்தது. தாழ்ந்தது.

"காத்தா இருக்கும்," என்றார் டாக்டர். ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

உயர்ந்தது. தாழ்ந்தது. சளி கட்டிய நெஞ்சு இழுக்கும் சத்தம், கடைசி ராத்திரி தங்கச்சிக்கு இழுத்த அதே சத்தம்.

"ஷாஜாதி... ஏட்டி..."

இழுப்பு நின்றது. சவ்வு அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு, அவர்களுக்குப் பின்னால், ஐஸ் பெட்டியின் மூடி உள்ளேயிருந்து மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.