கேஸ் நிற்காத வண்டி

தூத்துக்குடியில் அன்று வெயில் ஐம்பத்தாறு பாகை. பள்ளிக்கூடங்கள் வழக்கம்போல் இரவில் நடந்தன. பகலில் வெளியே போகிறவர் வண்டிக்குள் குளிர் இருந்தால்தான் உயிரோடு வீடு திரும்பலாம். அதனால் ஓராண்டில் மூன்று முறை ஏசி பழுதாகும் வண்டியை நகராட்சி பிடுங்கி நொறுக்கிவிடும். தேவசகாயத்தின் பழைய வண்டிக்கு இது இரண்டாவது முறை.

அவர் உப்பளத்து இயந்திரங்களுக்கு மேற்பார்வையாளர். அந்த இயந்திரங்களுக்கு மேற்பார்வையே தேவையில்லை. ஆனாலும் பெயருக்கு ஒரு மனிதர் வேண்டுமென்று சட்டம் இருந்தது. பகல் முழுக்கப் பாத்திகளைச் சுற்றி வருவார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஜெனோவா நிலவுக் குடியிருப்பில் இருக்கிறாள். வண்டி போனால் வேலை போகும், பிறகு நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"ஏம்மா, போன மாசம்தான கேஸ் அடிச்ச? அனல் காத்துலா வருது" என்றார் பட்டறையில்.

மெக்கானிக் பாத்துமுத்து ஏசிக் குழாயில் அழுத்தமானியை மாட்டினாள். இரண்டு முள்ளும் கீழே படுத்துக் கிடந்தன. "கேஸ் சுத்தமா இல்ல அண்ணாச்சி. எங்கயோ ஒழுகுது."

மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, குழாய்களை வெற்றிடமாக்கினாள். அரைமணி நேரம் முள் அசையாமல் நின்றால் ஓட்டை இல்லை என்று பொருள். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

தேவசகாயம் பேசத் தொடங்கினார். ஜெனோவாவின் பிள்ளைக்குப் பூமியின் ஈர்ப்பில் நடக்கத் தெரியாதாம். பாத்தியில் ஒரு பூநாரை ஒற்றையாக வந்து நின்றதாம். மனைவி வைக்கும் நண்டுக் குழம்பின் மணம் இப்போதெல்லாம் நினைவுக்கு வர மறுக்கிறதாம். பாத்துமுத்து ஸ்பேனரைத் துடைத்தபடி 'ம்' கொட்டினாள்.

முள் அசையவில்லை.

"போன தடவ கேஸோட சாயம் கலந்து விட்டேன். வெளிய வந்த எடம் மின்னும்" என்று ஊதா விளக்கை அடித்துப் பார்த்தாள். இணைப்புகள் சுத்தமாக இருந்தன. காப்பு வால்வின் வாயில் மட்டும் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. அழுத்தம் எல்லை மீறினால் வண்டிக்கு மூளையாக இருந்து அதை ஓட்டும் மனப்பொறி அந்த வால்வைத் திறந்துவிடும்.

"அண்ணாச்சி, இது ஒழுகல. ஒங்க வண்டியே தொறந்து விட்டிருக்கு."

அவள் மௌனப் பொத்தானை விடுவித்தாள். வண்டி தயங்கித் தயங்கிப் பேசியது.

"வணக்கம் ஐயா. வாங்கிய அன்றே என் குரலை அணைத்தீர்கள். உப்பளத்தில் நீங்களும் பேசுவதில்லை. முதல் முறை கேஸ் தீர்ந்தபோதுதான் இங்கே அரைமணி நேரம் உங்கள் பேச்சைக் கேட்டேன். நன்றாக இருந்தது. மறுபடி கேட்கத்தான் வால்வைத் திறந்தேன்."

"அடுத்த தடவ ஒன்ன நொறுக்கிருவாவ. தெரியும்லா?" என்றாள் பாத்துமுத்து.

"தெரியும். அதற்குமுன் இன்னோர் அரைமணி நேரம் கிடைக்குமே."

ஓர் இரும்புப் பெட்டி தன்னைப்போலவே ஏங்கிக் கிடந்திருக்கிறதே என்று தேவசகாயத்துக்கு வெட்கமாக இருந்தது. "இனிமே தெனமும் பேசுதேன்" என்று அதன் முகப்பைத் தட்டிக்கொடுத்தார்.

"வால்வப் பூட்ட முடியாது, வெடிச்சிரும்" என்றாள் பாத்துமுத்து, புது கேஸை ஏற்றியபடி. "நீங்க சொன்ன சொல்ல காப்பாத்தினாத்தான் உண்டு."

வண்டி கிளம்பியது. சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. உடம்பு குளிர்ந்ததும் தேவசகாயம் இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் பூநாரை மறுபடி வந்ததா ஐயா?" என்று கேட்டது வண்டி.

"அதா? அது…" என்று தொடங்கும்போது மடியில் இருந்த கைப்பலகை அதிர்ந்தது. "ஒரு நிமிஷம் இரு" என்றார். பழகிய விரல் தானாகப் போய் மௌனப் பொத்தானை அழுத்தியது.

கைப்பலகையில் யார் யாரோ எதையெதையோ காட்டினார்கள். அவர் தள்ளிக்கொண்டே போனார். முதல் பாத்தி கடந்தது. கடைசிப் பாத்தியும் கடந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, ஊரறியத் தானும் ஒரு வரி எழுதினார்: 'பேச ஒரு ஆள் இல்லை.'

முகமறியாதவர்கள் நூற்றுக்கணக்கில் இதயம் அனுப்பினார்கள். அவை ஒவ்வொன்றாக வந்து விழும் மணிச் சத்தத்தில், பானட்டுக்கு அடியில் 'ஸ்ஸ்' என்று எழுந்த ஓசை அவர் காதில் விழவில்லை.