சிவப்புப் போர்வைகள் காய்ந்த இடம்

அப்பா காலை ஐந்து மணிக்கு எழும்புவார். கேத்தலில் தண்ணீர் வைப்பார். பாணில் பட்டர் பூசி, நிரோஜினியின் பள்ளிக்கூடப் பெட்டியில் வைத்து மூடுவார். நின்றபடியே தேநீர் குடிப்பார். கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பார். சப்பாத்துப் போடுவார். வேலைக்குப் போவார்.

யன்னல் திரையை மட்டும் திறக்க மாட்டார். அது அம்மா செய்கிற வேலை. மாசி மாதத்தில் அம்மா இறந்துபோனார். அன்றிலிருந்து திரை மூடியே கிடந்தது.

அப்பா அம்மாவைப் பற்றிப் பேசுவதும் இல்லை. மற்றவர்கள் பேசினார்கள். அம்மா கடைசியாக என்ன சொன்னார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கோயிலுக்கு விளக்குக் கொடுக்கச் சொன்னாராம். எல்லோரும் ஒற்றுமையாக இருக்கச் சொன்னாராம். அதைச் சொன்ன எவரும் அப்போது பக்கத்தில் இருக்கவில்லை.

பக்கத்தில் இருந்தது அப்பாவும் நிரோஜினியும்தான். அப்பா யாரையும் திருத்தவில்லை. அதனால் அவளும் பேசாமல் இருந்தாள்.

அப்படிப்பட்ட அப்பா, புரட்டாதி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வேலைக்கு லீவு சொன்னார். தங்கராசா மாமாவின் கரைச்சல் தாங்க முடியவில்லை. மாமா, அம்மாவின் அண்ணன். வேலை செய்கிற இடத்து முதலாளியிடம் ஒரு வாகனத்தை இரவல் வாங்கியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் இருந்தன. சக்கரம் வைத்த வீடு.

"பேர்க்டெஸ்காடன் மலைக்குப் போறம் மச்சான். தேசியப் பூங்கா. சனம் எங்கையெங்கையோ இருந்தெல்லாம் வந்து பார்க்குது. நாங்கள் இரண்டு மணித்தியாலத் தூரத்திலை இருந்துகொண்டு இன்னும் பார்க்கேல்லை" என்றார் மாமா. "நிரோ, வாகனத்தை எங்கை நிப்பாட்டுறதெண்டு நீ பார். உனக்குத்தானே டொச் வாசிக்க ஏலும்."

நிரோஜினி நூலகத்திலிருந்து ஒரு தடித்த ஜேர்மன் மொழிப் புத்தகம் எடுத்து வந்தாள். வீட்டு வாகனங்களை நிறுத்தித் தங்குகிற முகாம்கள், அதாவது காம்புகள், எல்லாம் அதில் இருந்தன.

ரஞ்சினி மாமி முகத்தைச் சுளித்தார். "திரும்பவும் காம்புக்கோ? நாட்டுக்கு வந்த புதிசிலை ஒரு வருசம் காம்பிலை இருந்தது காணாதோ?"

"அது அகதிக் காம்ப், மாமி. இது விடுமுறைக் காம்ப். காசு குடுத்து இருக்கிறது."

"காசு குடுத்தோ!" மாமிக்கு நம்ப முடியவில்லை.

மாமாவுக்குக் குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டும். மாமிக்கு மீன் பொரிக்க வெளியே இடம் வேண்டும்.

"உங்களுக்கு என்ன வேணும் அப்பா?"

"எங்கையெண்டாலும் சரி."

ஏரிக்கரையில் இருந்த ஒரு காம்புக்குப் புத்தகம் நாலு நட்சத்திரம் போட்டிருந்தது. அதைத்தான் நிரோஜினி தெரிவு செய்தாள். அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. ஏதாவது பிழைத்தால் அப்பா "வீட்டை போவம்" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போனால் திரும்பவும் மூடிய திரை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். மாமா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"ஏன் மாமா வெளிக்கிடேல்லை?"

"இராகுகாலம். பத்தரைக்குத்தான் முடியும்."

"அப்ப ஏன் இப்பவே ஏறினனாங்கள்?"

"ஏறலாம். வெளிக்கிடத்தான் கூடாது."

அரை மணித்தியாலம் போனது. பக்கத்து வீட்டு ஹூபர் தாத்தா வேலிக்கு மேலால் பார்த்தார். பிறகு உள்ளே போய், பட்டறிக்கு மின்சாரம் ஏற்றுகிற வயரோடு வந்து கண்ணாடியில் தட்டினார்.

"பட்டறி செத்துவிட்டதா?"

இராகுகாலத்தை டொச்சில் எப்படி விளங்கப்படுத்துவது? மாமா இறங்கி முன்மூடியைத் திறந்துவிட்டார். ஹூபர் தாத்தா பத்தரை மணி வரைக்கும் சந்தோசமாகத் திருத்தினார். பிறகு மாமா திறப்பைத் திருப்பினார். வாகனம் உறுமியது. "பார்த்தீர்களா!" என்று ஹூபர் தாத்தா கைதட்டினார்.

ஏரிக்கரைக் காம்புக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. வாசலில் சிவப்பு வெள்ளைத் தடி குறுக்கே கிடந்தது. நிரோஜினி அறிவிப்புப் பலகையை வாசித்தாள்.

"ஒண்டிலையிருந்து மூண்டு மணி மட்டும் மத்தியான ஓய்வு. வாகனம் உள்ளுக்குப் போகேலாது."

"இதென்ன கூத்து!" மாமா கத்தினார். "பட்டப்பகலிலை கேற்றைப் பூட்டிப்போட்டு ஆராவது படுப்பினமோ?"

"இது இவையின்ர இராகுகாலம், மாமா."

மாமா தடியைத் திரும்பவும் ஒருமுறை பார்த்தார். என்ஜினை நிறுத்தினார். "அப்பிடியெண்டால் சரி" என்றார் மிக மரியாதையாக. "அதை மீறக்கூடாது."

பின்னால் இருந்த அப்பா மெல்லச் சொன்னார்: "பரவாயில்லை. வீட்டை போவம்."

நிரோஜினி கதவைத் திறந்தாள். "மூண்டு மணி மட்டும் பொறுங்கோ அப்பா. நடந்து போறவையைத் தடி மறிக்காது. நான் பார்த்திட்டு வாறன்."

புத்தகப் படத்தில் இருந்ததைவிடக் காம்ப் அழகாக இருந்தது. ஏரித் தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கரைக்குப் பின்னால் மலை ஒரு பெரிய சுவர் போல எழும்பி நின்றது. நிரோஜினி வாயைத் திறந்தபடி நடந்தாள்.

கொஞ்சத் தூரம் போனதும் கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். சப்பாத்து நனைந்திருந்தது. மத்தியானம் ஆகியும் புல்லில் பனி காயவில்லை. கொடியில் தொங்கிய துவாய்கள் ஈரமாகவே இருந்தன. ஒருவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பேப்பர் வாசித்தார்.

தண்ணீர்க் குழாயடியில் அவள் வயதுப் பெண் ஒருத்தி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இங்கே வெயில் எப்போது வரும்?" என்று நிரோஜினி கேட்டாள்.

அந்தப் பெண் மலையை அண்ணாந்து பார்த்தாள். "அடுத்த யூலை மாதம்" என்றாள், சிரிக்காமல்.

நிரோஜினி திரும்பி, பள்ளத்தாக்கின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே மலைச்சரிவு முழுக்க வெயில். நடுவில் ஒரு பண்ணைவீடு. அதன் மாடிக் கைபிடியில் தடித்த சிவப்புப் போர்வைகள் காயப் போட்டிருந்தன. பக்கத்துப் புல்வெளியில் இரண்டு வீட்டு வாகனங்கள் நின்றன.

தான் தெரிவு செய்த இடம் பிழை என்று தானே போய்ச் சொல்ல வேண்டும். அப்பா இன்னும் கெதியாக வீட்டுக்குப் போகச் சொல்லக்கூடும். சொல்லாமல் விட்டால் இரண்டு நாளும் நிழலுக்குள் இருக்கலாம். வீட்டிலும் அதைத்தானே செய்கிறார்கள்?

அவள் ஓடிப் போனாள்.

"நான் பார்த்த இடம் சரியில்லை. இஞ்சை வெயிலே வராது. அங்கை போவம்." கையை நீட்டிக் காட்டினாள்.

மாமா புத்தகத்தைப் புரட்டினார். "அந்த இடம் இதிலை இல்லையே. ஒரு நட்சத்திரமும் இல்லை. சுடுதண்ணி வருமோ?"

"தெரியாது மாமா. அந்தப் போர்வையளைப் பாருங்கோ."

மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தொடர்மாடி வீட்டுப் பல்கனியில் மிளகாய் காயவைக்க ஒவ்வொரு வருடமும் வெயிலைத் தேடி அலைகிறவர் அவர். "இவ்வளவு தடிப்பான போர்வையை ஆரும் நிழலிலை காயப் போடமாட்டினம்" என்றார். "பிள்ளை சொல்லுறதுதான் சரி. வாகனத்தை எடுங்கோ."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடிக்குள்ளால் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. போய்ப் பார்ப்பம்" என்றார்.

பண்ணைவீட்டில் தடி இல்லை, பலகையும் இல்லை. வீட்டுக்காரி வெளியே நீண்ட மர வாங்கில் படுத்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார். நிரோஜினி மெதுவாக வணக்கம் சொன்னாள். அவர் தொப்பியைத் தூக்கி, ஒரு கண்ணைத் திறந்து, புல்வெளியைக் கையால் காட்டிவிட்டு, அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

மாமா நிறுத்தப் போன இடம் பெரிய மரத்துக்குக் கீழே இருந்தது. அப்போது அப்பா கதவைத் திறந்து இறங்கினார்.

"மச்சான், அதிலை வேண்டாம். முன்னுக்கு வா. இன்னும் கொஞ்சம். இடப்பக்கம் வெட்டு. யன்னல் அங்காலை பார்க்கவேணும்." கையைக் காட்டிக் காட்டி வாகனத்தை வெட்டவெளியான இடத்துக்குக் கொண்டுவந்தார். சில்லுக்குக் கீழே மரக்கட்டை வைத்தார். எட்டி நின்று பார்த்தார். அவர் இவ்வளவு பேசி நிரோஜினி எத்தனையோ மாதமாகக் கேட்டதில்லை.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது வாகனத்துக்குள் வெளிச்சமாக இருந்தது. யன்னல் திரை ஓரமாக இழுத்துவிடப்பட்டிருந்தது.

அப்பா வெளியே படியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. இருந்தார். நிரோஜினி போர்வையோடு போய்ப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

எதிரே வாட்ஸ்மன் மலை. முதலில் அதன் உச்சி மட்டும் பொன்னிறமாக மாறியது. பிறகு வெயில் பாறை பாறையாகக் கீழே இறங்கியது. காட்டைத் தாண்டியது. ஏரிக்கரைக் காம்பைத் தொடாமல் பள்ளத்தாக்கைக் கடந்து, புல்வெளியில் ஏறி, அவர்களுடைய கால் விரல்களுக்கு வந்தது.

"அம்மாடி!" என்றார் வாசலில் நின்ற மாமி. அடுப்புக்குத் திரும்பிப் போகவே மறந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நிரோஜினியின் தலையைத் தடவினார். "அண்ணை, பிள்ளை கெட்டிக்காரி. எப்பிடி ஒரு இடம் பிடிச்சுத் தந்திருக்கிறாள்! அதுதானே, 'பிள்ளையை நல்லாப் படிப்பியுங்கோ' எண்டு அவவும் கடைசியாச் சொன்னவ."

நிரோஜினி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் அவளைப் பார்த்தார்.

"இல்லை ரஞ்சினி" என்றார் அப்பா. "அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார். உள்ளேயிருந்து மாமாவும் தலையை நீட்டினார்.

"ஆஸ்பத்திரி வாசலிலை கார் விட இடம் தேடினனான். நல்ல குளிர். இவளும் பின்னுக்கு இருந்தவள். அதுக்குப் பிறகு அவ கதைக்கேல்லை." அப்பா கோப்பையைப் படியில் வைத்தார். "கடைசியாச் சொன்னது இதுதான்: 'வெயில் படுற பக்கமாப் பார்த்து நிப்பாட்டுங்கோ. திரும்பி வரேக்கை கார் கணகணப்பா இருக்கும்.'"