மேலே இருந்து வந்த பதில்

மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாதியில் நின்ற ஒன்பது மாடிக் கட்டடத்தின் முன்னால் இன்ஜினியர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, வேலை எவ்வளவு தூரம் ஆகியிருக்கிறது, எங்கே ஆபத்து இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்வதுதான் அவர் உத்தியோகம். ஆனால் உயரம் என்றாலே அவருக்குப் பயம். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டாவது மாடிவரை எப்படியோ ஏறிவிடுவார். அங்கே நின்று, தலையை அண்ணாந்து, "ஆச்சா?" என்று குரல் கொடுப்பார். மேலே இருந்து எவனாவது "ஆச்சு சார்!" என்பான். ஆயிற்று என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். வேலையாட்கள் அவருக்கு 'அண்ணாந்தார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

போன முறை அவர் வந்துபோன அன்று சாயங்காலம், சாரம் கட்டுகிறவர் ஏழாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனார். வேலை நின்றது. இன்றைக்கு இவர் சரி என்றால் நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கும்.

கேட்டில் இறந்தவரின் தம்பி நின்றிருந்தான். அவனும் சாரக்காரன்தான்.

"நாளைக்கு ஏழாவது மாடியில எனக்குத்தான் வேலை சார். ஏறலாம்ல?"

"பாத்துட்டுச் சொல்றேன்ப்பா."

அவன் வழிவிடவில்லை. "அன்னைக்குக் குழிக்குத் தடுப்பு இருந்துச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்களாம். அப்போ எங்கண்ணன்தான் குடிச்சிட்டுக் கழட்டியிருக்கான்னு எல்லாரும் பேசறாங்க. அண்ணி வெளிய தலைகாட்ட முடியல சார். அவன் குடிக்கவே மாட்டான்."

இன்ஜினியர் எங்கே பார்த்தார்? அன்றைக்கு மேலே இருந்து பதில் சொன்னதே அந்த அண்ணன்தான். முதலில் ஒரு தொண்டைச் செருமல், அப்புறம் "போட்டாச்சு சார்!" சார் எதைக் கேட்டாலும் ஆச்சு என்று சொல்ல வேண்டும் என்பது மேஸ்திரியின் உத்தரவு. அது இவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் ஏற வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மேஸ்திரி முன்னால் நடந்தார். உள்ளே ஈரச் சிமெண்ட் வாடையும் துருவாடையும் கலந்து மூக்கில் ஏறின. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது மாடிக்கு வந்ததும் இன்ஜினியரின் தலை பழக்கதோஷத்தில் தானாக அண்ணாந்தது.

"லிஃப்ட் குழிக்குத் தடுப்பு போட்டாச்சா?"

மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"போட்டாச்சு சார்."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "யாரைக் கேக்கறீங்க? மேல ஒரு ஈ காக்கா கிடையாதே!"

"இப்போ பதில் வந்துச்சே..."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. நீங்க எதுக்கு சார் சிரமப்படறீங்க? எல்லாம் நானே பாத்துட்டேன்."

திரும்பிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் கேட்டில் நிற்பவன் முகத்தில் மறுபடி எப்படி விழிப்பது? பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மேஸ்திரியை அங்கேயே விட்டுவிட்டு ஏறினார்.

கைப்பிடி இல்லாத படிகள். சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினார். நான்காவது மாடிக்குமேல் நிற்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதர் குழந்தை மாதிரித் தவழ்ந்தார்.

செருமல்.

"போட்டாச்சு சார்."

இவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாவது மாடி. குரல் இப்போது தலைக்கு நேர் மேலே, ரகசியம் பேசுவதுபோல.

"போட்டாச்சு சார்."

ஏழாவது மாடியில் யாரும் இல்லை. லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே அகலமான பலகை. பளிச்சென்று சிவப்பு வண்ணம் வேறு அடித்திருந்தார்கள். அப்பாடா என்று மூச்சு வந்தது. எழுந்து நின்று, உறுதிதானா என்று அதில் கை வைத்தார்.

ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. சும்மா சாத்தி வைத்திருந்தார்கள்.

பலகை உள்ளே சாய்ந்தது. கூடவே அவரும் சாய்ந்தார்.

முதுகில் ஐந்து விரல்கள் பதிந்தன. சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தன. மல்லாக்க விழுந்து கிடந்தவருக்கு, பலகை அடியில் மோதும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது.

பின்னால் யாரும் இல்லை.

குழியின் இருட்டுக்குள்ளிருந்து ஒரு செருமல்.

"பாத்துட்டீங்களா சார்?"

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கேட்டில் தம்பி காத்திருந்தான்.

"நாளைக்கு யாரும் மேல ஏறக்கூடாது. தடுப்பு நிக்கல."

அவன் அவரையே பார்த்தான். "அன்னைக்கு நின்னுச்சா சார்?"

பார்க்கவில்லை என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் உத்தியோகம் போகும், கூடவே இத்தனை வருஷ மானமும் போகும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மழை வருது, வீட்டுக்குப் போப்பா" என்றார். சொன்ன கணமே தன்மேல் காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். சட்டையைக் கழற்றி வாங்கிய மனைவி, "முதுகுல என்னங்க இது?" என்றாள். காயாத சிமெண்டில் ஐந்து விரல்கள்.

"எங்கயோ சாஞ்சிருப்பேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே துவைக்கப் பின்பக்கம் போனாள். மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படி வழியாகச் சாரல் வந்தது. அவர் படியடியில் நின்று, தலையை அண்ணாந்து, மனைவிக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்.

"மாடிக் கதவு சாத்தியாச்சா?"

மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சாத்தியாச்சு சார்."

பின்பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னங்க, ஏதாவது கேட்டீங்களா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப்போய்ப் பார்த்தார்.

கதவு விரியத் திறந்து கிடந்தது.