எனிட் பெயர் நிற்காத கல்

அது நவம்பரா டிசம்பரா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்புரோஸ் என்னிடம் சொன்னதையும் நானே பார்த்ததையும் நினைவு ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறது. கல் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

அம்புரோஸ் தாக்ரே எங்கள் யார்க்ஷயர் பள்ளத்தாக்கில் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுபவர். நான் குழி தோண்டுபவன். அவர் மனைவி எனிட் இறந்தபோது, கல்லில் அவள் பெயருக்குக் கீழே இரண்டே சொல் வேண்டும் என்றார்: ‘ஃபார் ஏய்’. என்றென்றைக்கும் என்பதற்கு எங்கள் முன்னோர் வழங்கிய சொல். “இன்னும் எத்தனை நாளைக்கு என்னைப் பொறுத்துக்குவே?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் அவள் சொன்ன பதில் அது.

பாதிரியார் ஹெஸ்கெத் மறுத்தார்.

“பேரு, தேதி, வேணும்னா ஜெபப் புத்தகத்துல ஒரு வரி. ‘முடிவில்லா உலகம்’னு போட்டுக்கோங்களேன்.”

“அது உங்க வார்த்தை, ஐயா. அவ சொன்னது வேற.”

“விதி விதிதான், அம்புரோஸ்.”

அம்புரோஸ் பேராயர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டார். மூன்றுக்கும் ஒரே பதில்.

பழைய கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் வெட்டுவது எங்களிடம் உள்ள வழக்கம்தான். கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில், எப்போதோ இறந்துபோன, கேட்க ஆளில்லாத ஜேபஸ் ஹார்ஸ்ஃபாலின் கல்லை இருவருமாகப் பெயர்த்துவந்தோம். மேலே ஜேபஸின் பெயர். கீழே, அந்தக் காலத்திலேயே வெட்டிய ‘ஃபார் ஏய்’. இடையில், ஜேபஸின் மனைவி பெயருக்கென்று விட்ட இடம் இன்னும் காலி. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்து, எனிட்டின் தலைமாட்டில் நட்டோம்.

“இப்ப பாதிரியார் எப்படிப் படிக்கிறார்னு பார்ப்போம்” என்றார் அம்புரோஸ். அன்றுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

வெளிப்பக்கத்தில் எனிட் என்று வெட்டினார். மறுநாள் பார்த்தால், முதல் எழுத்தின் ஆழம் குறைந்திருந்தது. பனியைத் திட்டினார், உளியைத் திட்டினார், மறுபடி வெட்டினார். அடுத்த நாள் இன்னும் குறைந்திருந்தது.

“பொண்டாட்டி பேரை எழுத நாலு நாளாய்யா?” என்றேன்.

“வாய மூடிட்டு உன் குழியப் பாரு, சேத்.”

ஐந்தாம் நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கியது. ஈரக் கம்பளிக் கோட்டின் நாற்றமும் சுவருக்கு அப்பால் ஆடுகளின் இருமலும் காக்கைகள் அடங்கும் சத்தமும் சூழ, கல்லின் முன் மண்டியிட்டு விரலால் தடவித் தடவி அவர் தேடினார். எழுத்தே இல்லை. கீறல்கூட இல்லை. ஆத்திரத்தில் உளியை வைத்து ஓங்கி அடித்தார். மறுபடி. மறுபடி.

நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

டக். டக்.

கல்லுக்குப் பின்னால். சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளிதான். கையை விட்டார். புதுக் கல்தூள். வெதுவெதுப்பாக. ஜேபஸின் பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் எழுத்துகள். தன் கைவேலை அல்ல. ஒவ்வொன்றாகத் தடவினார். எனிட்.

கடைசி எழுத்தின் குழியில் விரல் இருந்தபோதே, அது இன்னும் ஆழமானது.

மறுநாள் நானும் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். கல் அசையவில்லை.

ஹெஸ்கெத் தெற்கே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அம்புரோஸ் அதன்பின் உளியைத் தொடவில்லை. மார்ச்சில் இறந்தார். அவள் குழியிலேயே தன்னைப் புதைக்கவேண்டும் என்பது மட்டுமே அவர் கடைசியாகக் கேட்டது. எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் ஒரே குழியில், ஒருவர் மேல் ஒருவர். எனிட்டின் சவப்பெட்டி தட்டுப்படவேண்டிய ஆழம்வரை தோண்டினேன். நான் என் கையால் இறக்கிய பெட்டி. அந்த ஆழத்தையும் தாண்டித் தோண்டினேன். மண் மட்டுமே இருந்தது.

அம்புரோஸைத் தனியாகவே புதைத்தோம். நான் யாரிடமும் சொல்லவில்லை. யூ மரத்தடியில் ஜேபஸின் குழிமேல் அன்றிலிருந்து புல் முளைப்பதில்லை. அங்கே நான் தோண்டிப் பார்க்கவில்லை.