ஆவுடையப்பன் வீட்டுத் தொடர்

நிலவின் அடியில் குடைந்த குழாய்த் தெருக்களில், சாயங்காலம் ஆனால் சனம் முழுக்கக் கண்ணை மூடிக்கொள்ளும். தூக்கம் இல்லை. குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி, எல்லாருக்கும் இமைக்குள் தைத்துவிடுகிற இமைத்திரையில் தொடர்கள் ஓடத் தொடங்கும் நேரம் அது.

செண்பகவல்லி வீட்டில் மட்டும் இரண்டு பேரும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இமைத்திரைச் சந்தாவை நிறுத்திச் சில மாதமாகிறது. பூமியில் மகள் இசக்கிக்குத் தலைப்பிரசவம். வயிற்றுப்பிள்ளைக்காரியை ராக்கெட்டில் ஏற்ற மாட்டார்கள். தாய்தான் இறங்கிப் போகவேண்டும். அந்தக் கப்பல் கூலிக்காகத்தான் இந்த விரதம்.

முதலில் புருஷன் ஆவுடையப்பனும் அவளும் சுவரையே பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் பேசத் தொடங்கினார்கள். ரசத்தில் புளி போதாது என்று ஆரம்பித்த பேச்சு, அவர்கள் கல்யாணப் பந்தியில் யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பியது என்பது வரை போய்ச் சண்டையானது. சிரிப்பும் வந்தது. கூலிப் பணமும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு ரெஜினா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி பாவம் மதினி. நேத்து நீங்க அசந்த பெறவு அழுதாரு. படம் பூராத் தண்ணியாப் போச்சு, ஒண்ணும் தெரியல."

"என்ன படம்ட்டி?"

"ஒங்க வீடுதான். இப்ப தெருவே அதத்தான பாக்கு."

சந்தாவை நிறுத்திய அன்று கட்டைவிரல் வைத்த நிபந்தனைகளில் அது இருந்திருக்கிறது: சந்தா கட்டாதவர் கண்ணும் காதும் கம்பெனிக்குச் சொந்தம், அவை பார்ப்பதும் கேட்பதும் மற்றவர்களுக்கு ஒளிபரப்பாகும். இருவரும் படிக்கவில்லை. நாம் யார்தான் படிக்கிறோம்?

செண்பகவல்லிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"எதுக்கு அழுதாராம்?"

"அத இன்னும் காட்டலயே."

வீட்டுக்குப் போய் அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். திரையென்றால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பட்டது. ஒரே ஒரு நாள் பார்ப்போம் என்று கம்பெனி இயந்திரத்தின் முன் போய் நின்றாள். ஆண்டுச் சந்தா மட்டுமே உண்டு என்றது அது. என்ன செய்வாள், பாவம், கை தானாக நீண்டது. கப்பல் கூலியில் பாதி போயிற்று.

அன்று சாயங்காலம் கண்ணை மூடினாள். திரையில் தெரிந்தது அவள் முகம். ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் வழியே அவள் தன்னைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஒளிபரப்பு எப்போதும் சற்றுப் பிந்தித்தான் வரும். திரையில் அவர் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்தவரோ பேசத் தொடங்கிவிட்டார்.

"செம்பகம், கண்ணத் தொற. ஒண்ணு மறச்சிட்டேன். பிரசவத்துக்கு முந்திப் போற கடைசிக் கப்பல் இன்னைக்குத்தான். நீ போயிட்டா நான் யாருகூடப் பேசுவேன்னு சொல்லாம இருந்துட்டேன். அதான் அழுதேன். இப்பக் கெளம்பினாலும் புடிச்சிரலாம், எந்திரி."

செண்பகவல்லி கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"செத்த நேரம் சும்மா இருங்க. இப்பத்தான் வாயத் தொறக்காரு. என்ன சொல்லுதாருன்னு கேக்க வேண்டாமா?"