பதினோராவது பிஸ்டல்

நாற்காலியைக் காட்டிய பிறகும் ரோகிணி உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் நாளைக்கு ஒரு பழைய பிஸ்டல் வாங்கப் போறாருங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நீங்க பாத்துச் சொல்லணும்னு உங்களைக் கூப்பிட்டிருக்காரு. நல்லா இருந்தாலும் ஓட்டைன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதானுங்க எனக்கு வேணும்."

பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இருபத்தெட்டு வருடம் ராணுவப் பட்டறையில் துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டியவர். ஓய்வுக்குப் பிறகு செகந்திராபாத் திருமுல்கேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் குடியிருந்தார். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் அவரிடம் காட்டாமல் வாங்குவதில்லை. பொய் சொல்லச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை.

"யாரைச் சுடப் போறாரு?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கீழே கடை வைத்திருக்கும் ஆக்னஸ். மாடிப்படியில் புதிய செருப்புச் சத்தம் கேட்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே வந்துவிடுவாள்.

"ஆக்னஸ், மெஷின்ல பேப்பர் ஓடிக்கிட்டு இருக்கா இல்லையா?"

"அது தானா ஓடும் ஹவில்தார் சார். நீங்க சொல்லுங்கம்மா."

ரோகிணி சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பலமுறை சொல்லித் தேய்ந்துபோன விஷயம் அது.

சென்ற நாடாளுமன்றத் தேர்தலின்போது, ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி, ஹப்சிகுடா அருகே ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் மண்டபத்தை நெருங்கியபோது கூட்டத்தில் ஒருவன் வானத்தை நோக்கிச் சுட்டான். நாலு முறை. பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்த நீலாவின் கழுத்தில் ஒரு குண்டு பாய்ந்தது. இருபத்துமூன்று வயது. ரோகிணிக்கும் குணசேகரனுக்கும் ஒரே பெண்.

சுட்டவன் யாரென்று தெரியவில்லை. வீடியோவில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையில் பிஸ்டல் கைப்பிடி வரைக்கும் மின்னியது. பிளாஸ்டிக் உடம்பு அப்படி மின்னாது, முழுக்க உலோகம், பழைய காலத்துப் பிஸ்டல். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று அத்தனை துப்பாக்கியும் ஸ்டேஷன்களில் இருந்தன, ஆகவே இது கள்ளத் துப்பாக்கி என்று சொல்லிப் போலீஸ் கோப்பை மூடியது. நீலாவின் கழுத்திலிருந்து எடுத்த குண்டு மட்டும் லேபில் கிடக்கிறது.

"அவர் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில இரும்பு வார்க்கிற பிரிவில இருந்தாருங்க. அங்க ரைபிள் கிளப் இருந்தப்ப வாங்கின லைசென்ஸ். ஒரு வருஷமா தினமும் காலையில ஏழு மணிக்கு ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறாரு. எங்க பழைய பிஸ்டல் விலைக்கு வந்தாலும் போய்ப் பாக்கறாரு. பத்து பாத்துட்டு வேண்டாம்னுட்டாரு. இது பதினொண்ணாவது. இதை வாங்கறாராம். அவ போயிட்டா. இவரும் ஜெயிலுக்கோ சுடுகாட்டுக்கோ போயிட்டா, நான் அந்த வீட்டில யாருக்குங்க சோறு வடிக்கிறது?"

அவர் தூங்கும் நேரத்தில் எடுத்து வந்திருந்த அந்த நோட்டை மேசையில் வைத்தாள்.

பக்கத்துக்கு ஒரு பிஸ்டல். துப்பாக்கியின் எண், ஸ்டேஷனில் ஒப்படைத்த தேதி, திரும்பப் பெற்ற தேதி, ரசீதின் ஜெராக்ஸ். அதன் கீழே பென்சிலில் ஒரு சிறிய வளைகோடு. பிறகு பக்கம் முழுவதும் குறுக்கே அடித்திருந்தது. பத்துப் பக்கங்களும் அப்படியே. பதினோராவது பக்கத்தில் தேதிகள் இருந்தன, மார்ச் இருபத்தெட்டு முதல் ஜூன் பத்து வரை. ஜெராக்ஸும் இருந்தது. துப்பாக்கியின் எண் இல்லை. வளைகோடும் இல்லை. பக்கத்தை அடிக்கவும் இல்லை.

"சுடத்தான் வாங்கறாரு, சந்தேகமே இல்ல" என்றாள் ஆக்னஸ்.

"சுட நினைக்கிறவனுக்கு முதல் பிஸ்டலே போதுமே. பத்தை ஏன் வேண்டாம்னு சொல்லணும்? வேலை செய்யுதா, என்ன விலை, ஒண்ணாவது எழுதியிருக்காரா பாரு. இவர் பிஸ்டல் வாங்கப் போகலை. ஒரு பிஸ்டலைத் தேடிப் போறாரு."

ஆக்னஸ் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பதினோராவது ஜெராக்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சார், இங்க பாருங்க. இந்தக் கட்டம் காலி. சுத்தி மெல்லிசா ஒரு நிழல் கோடு. ஒரிஜினல் மேல துண்டு பேப்பரை வச்சு மறைச்சுட்டு எடுத்தா இப்படித்தான் விழும். மெஷினைக் குறை சொல்ல நக்கோ, சொல்லாதீங்க. இருபது வருஷமா இதைத்தான் பாக்கறேன்."

"அந்தக் கட்டத்தில என்ன இருக்கணும்?"

மற்றப் பத்து ரசீதுகளையும் புரட்டினாள். "துப்பாக்கி நம்பர். எதுக்கு மறைக்கணும்?"

"நாளைக்குக் கேப்போம். அம்மா, நீங்களும் வாங்க. பொய் சொல்றேன்னு நான் இன்னும் ஒத்துக்கலை."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு செகந்திராபாத்தில் அந்தப் பிஸ்டல் விலைக்கு வந்திருந்த துப்பாக்கிக் கடையில் ஆக்னஸ் உள்பட எல்லோரும் கூடினார்கள். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வாரிசுகள் ஆயுதத்தை இப்படியொரு கடையில் ஒப்படைத்து விற்க வேண்டும். ராகேஷ் அப்படி வந்தவன். முப்பது வயது, ஹப்சிகுடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. மதியம் மீட்டிங் இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டான்.

குணசேகரன் மனைவியைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒருவேளை ஆச்சரியப்படும் சக்தி இல்லாமலிருக்கலாம். சட்டை தோளில் தொங்கியது. விற்பனைப் படிவம் அவர் முன்னால் இருந்தது. பேனா திறந்திருந்தது.

பக்தவத்சலம் பிஸ்டலை எடுத்தார். கருநீல எஃகு உடம்பு. விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "இந்த வீட்டிலேர்ந்து வேற ஏதாவது வந்திருக்கா?" என்றார்.

வந்திருந்தது. ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் விசை வளையத்தையும் பார்த்தார். லென்ஸை ஆக்னஸிடம் கொடுத்தார்.

"இதில ஒரு பழுப்புக் கோடு இருக்கு சார். நூல் மாதிரி. பிஸ்டல்ல இல்ல."

"குணசேகரன் சார் நோட்டில வரைஞ்ச கோடு அதுதான். ஸ்டேஷன்ல ஒப்படைச்சா வளையத்தில சணல் சுத்தி அட்டை கட்டுவாங்க. சணல் ஈரத்தைப் பிடிக்கும். ரெண்டரை மாசம் இரும்போட ஒட்டிக் கிடந்தா வடு விழும். இரும்பு வார்த்தவருக்கு அது தெரியும். கோடு இருந்தா அந்தப் பிஸ்டல் அன்னைக்கு ஸ்டேஷன்ல இருந்திருக்கு, அடிச்சிடலாம். பத்துக்கு இருந்தது. இதுக்கு இல்லை."

"அப்பா நல்லா எண்ணெய் போட்டு வைப்பார் அங்கிள்" என்றான் ராகேஷ். "ரசீது கொடுத்திருக்கேனே."

"கொடுத்தே. ஒரே வீடு, ஒரே எண்ணெய். நீளமானதில வடு இருக்கு, குட்டையானதில இல்லை. அந்த ரசீது நீளமானதோட ரசீது. அதனாலதான் நம்பரை மறைச்சு ஜெராக்ஸ் எடுத்தே. ஒரிஜினலைக் காட்டு, நான் சொன்னது தப்புன்னா மன்னிப்புக் கேக்கறேன்."

ராகேஷ் தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைக்காரர் சத்தமில்லாமல் கதவருகே போய் நின்றுகொண்டார்.

"அப்பாவுக்கு அப்ப பக்கவாதம்" என்றான் கடைசியில். "நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். செம கூட்டம். பெரிய துப்பாக்கியைப் பாத்ததும் லைசென்ஸ் மேல டிக் போட்டு அனுப்பிட்டாங்க. பிஸ்டல் பையிலேயே இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு ஃப்ரெண்ட் கல்யாணம். பசங்க எல்லாம் சுடு சுடுன்னாங்க. மேலதான் அங்கிள் சுட்டேன். சத்தியமா மேலதான்."

குணசேகரன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அவ பேர் தெரியுமா உனக்கு?"

"நீலா."

"எப்ப தெரியும்?"

"அடுத்த நாள். பேப்பர்ல."

"இவ்வளவு நாளா தெரியும்" என்றார் குணசேகரன். அது கேள்வி இல்லை.

பேனாவை எடுத்தார். பக்தவத்சலம் படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"வாங்கி என்ன பண்றதா இருந்தீங்க?"

"ஒரு ரவுண்டு மணல்ல சுட்டு, குண்டை எடுத்து, லேப்ல இருக்கிறதோட ஒத்துப் பாக்கச் சொல்றது."

"ஒத்துப் போனா?"

குணசேகரன் பேனாவின் முனையையே பார்த்தார். ரோகிணி பதிலைக் கேட்டுவிட்டவள்போலச் சுவரைப் பார்த்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டா இது உங்க துப்பாக்கி" என்றார் பக்தவத்சலம். "அவன் வக்கீல் ஒண்ணே ஒண்ணு கேப்பான், பெத்தவன் கையில இருந்ததை எப்படி நம்பறதுன்னு. அதோட முடிஞ்சுது. இப்ப இது அவங்கப்பா பேர்ல, பூட்டின கடையில இருக்கு. போலீஸ் வந்து எடுக்கட்டும்."

"எடுத்து? எத்தனை வருஷம் கிடைக்கும்?"

"அஜாக்கிரதையால வந்த சாவுன்னுதான் கேஸ் போடுவாங்க. ரெண்டு. கிடைச்சா. ஜாமீன் சீக்கிரமே கிடைக்கும்."

தெருவில் சிட்டி பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. குணசேகரன் பேனாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி அழுத்தினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பிஸ்டல் நல்ல பிஸ்டல்தானா?"

ரோகிணி பக்தவத்சலத்தின் முகத்தையே பார்த்தாள். நேற்று கேட்ட பொய்யை அவர் இப்போது சொல்லலாம்.

"நல்ல பிஸ்டல்" என்றார். "ஒரு குறையும் இல்லை."

போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. வாக்குமூலம், கையெழுத்து, ராகேஷைக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் முடிய நாலு மணி. ஆக்னஸ் வாசலில் ஆட்டோ பிடித்து நிறுத்தினாள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற உற்சாகம் அவள் முகத்தில் காலையில் இருந்தது. இப்போது இல்லை.

குணசேகரன் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். நோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டார். ரோகிணி உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். பதினோராவது பக்கத்துக்குப் பின்னால் எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தது.

"நன்றிங்க" என்றாள் பக்தவத்சலத்திடம். பிறகு ஆட்டோவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எந்திரிச்சுச் சட்டை போட்டுக்குவாரு. எங்க போகச் சொல்லட்டுங்க?"